கடலில் இருந்து எத்தனை மீற்றர்? கடல் உயர்கிற காலத்தில் கரையோரச் சட்டம் பற்றி ஓர் எளிய விளக்கம்

திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் ஒரு துண்டுக் காணி வாங்கியிருக்கிற என் மச்சான் போன பங்குனியில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கடலைப் பார்த்தபடி நிறுத்திவிட்டு, கையில் அளவுநாடாவுடன் கேட்டார்: "அத்தான், கடலில இருந்து எத்தின மீற்றர் விட்டுக் கட்டினாச் சரி?"

அவருக்கு வேண்டியிருந்தது ஓர் இலக்கம். நாலு அறையோடு சின்னதாக ஒரு தங்குமிடம் கட்டும் எண்ணம், அத்திவாரம் எங்கே வெட்டுவது என்று தெரிந்தால் போதும். நான் திருப்பி, "எந்தக் கடலில இருந்து?" என்று கேட்டேன். மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்று அடிக்கும்போது அதே இடத்தில் தண்ணீர் பனையடி வரைக்கும் ஏறி மணலை அள்ளிக்கொண்டு போயிருந்ததை அவரும் பார்த்திருக்கிறார். சித்திரை, வைகாசியில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும்போது அந்த மணல் திரும்பி வந்து கரை அகன்றுவிடும். அப்படியென்றால் நாடாவின் நுனியை எங்கே பிடிப்பது? இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

முதலில் கடல் எவ்வளவு உயர்கிறது என்பதைப் பார்ப்போம்.

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு, அதாவது ஐபிசிசி, 2021 இல் வெளியிட்ட அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் ஒரு சாண் உயரம்தானே என்று தோன்றலாம். ஆனால் வேகத்தைப் பாருங்கள். 1901 முதல் 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீற்றர், 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. காரணங்களில் பெரியது நாம் அடுப்படியில் தினமும் பார்ப்பதுதான்: சூடானால் தண்ணீர் விரியும். 1971 க்குப் பிந்திய உயர்வில் பாதியளவு இப்படிக் கடல்நீர் வெப்பத்தில் விரிந்ததால் வந்தது. மிச்சத்தில் பெரும்பகுதி மலைப் பனியாறுகளும் கிறீன்லாந்து, அந்தாட்டிக்கா பனிப்படலங்களும் உருகியதால் வந்தது.

இனி வரப்போவது? 1995 முதல் 2014 வரையான சராசரியோடு ஒப்பிட்டால் 2050 அளவில் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். புகையை இன்றே குறைத்தாலும் குறைக்காவிட்டாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை, அந்தச் சூடு ஏற்கனவே கடலுக்குள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. 2100 இல், மிகக் கட்டுப்பாடாக நடந்தால் 28 முதல் 55 சென்ரிமீற்றர், எரிப்பதை மிகவும் கூட்டிக்கொண்டே போனால் 63 சென்ரிமீற்றர் முதல் ஒரு மீற்றருக்குச் சற்று மேல். பனிப்படலங்கள் நினைத்ததைவிட வேகமாகச் சரிந்தால் இன்னும் கூடும் என்றும் அதே அறிக்கை எச்சரிக்கிறது. எப்படிப் பார்த்தாலும் 2100 இல் இது நிற்கப்போவதில்லை, நூற்றாண்டுக் கணக்கில் தொடரும்.

இந்த இலக்கங்களைக் கேட்டதும் பலரும் குளியல் தொட்டியில் தண்ணீர் ஏறுவது போல ஒன்றைக் கற்பனை செய்கிறார்கள். அரை மீற்றர் என்றால் முழங்கால் அளவு, எங்கள் வீடு ரோட்டை விட உயரம், எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று ஆறுதல் கொள்கிறார்கள். அப்படி நடப்பதில்லை.

திருகோணமலைப் பக்கத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. உலகில் சில இடங்களில் கடல் ஒரு நாளில் பல மீற்றர் ஏறி இறங்கும், அங்கே கரையும் கட்டடமும் அதற்கு ஏற்றபடி பழகியிருக்கும். நம் கரை சின்ன ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய கரை. இங்கே 20, 30 சென்ரிமீற்றர் நிரந்தரமாக ஏறினால் அது பெரிய பங்கு. அதன் மேல்தான் வாடைக்கால அலையும் புயல் தள்ளும் நீரும் வந்து ஏறும். 2020 டிசெம்பர் 2 ஆம் தேதி இரவு புரேவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியது பலருக்கும் நினைவிருக்கும். 1964 மார்கழிப் புயலைப் பற்றி முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். அதே பலமுள்ள புயல் இன்னும் ஐம்பது வருடம் கழித்து வந்தால் அது உயர்ந்து நிற்கும் கடலின் மேல் நின்றுகொண்டு அடிக்கும், வித்தியாசம் அதுதான். நூறு வருடத்துக்கு ஒருமுறை வந்த உச்ச நீர்மட்டம், 2100 அளவில், கடல்மட்ட அளவுமானி உள்ள கரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஆண்டுக்கு ஒருமுறையாவது வரலாம் என்கிறது ஐபிசிசி. (சுனாமி வேறு விஷயம். அது கடலடி நிலநடுக்கத்தால் வருவது, காலநிலையோடு சம்பந்தமில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் எவ்வளவு சிக்கல் வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.)

இரண்டாவது, மணற்கரை நகரும். கோணேசர் கோவில் இருக்கும் பாறைக்கு அரை மீற்றர் ஒரு பொருட்டே இல்லை, சுவாமி மலை அப்படியே நிற்கும். ஆனால் உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி எல்லாம் மணல். நீர்மட்டம் கொஞ்சம் ஏறினால் அலை மேல்பகுதி மணலைச் சுரண்டிக் கடலடியில் பரப்பி, கரையின் சரிவைப் புதிய மட்டத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும். இதற்குப் பொறியியலாளர்கள் ஒரு பருமட்டான கணக்கு வைத்திருக்கிறார்கள், புரூன் விதி என்று பெயர். கடல்மட்டம் ஏறுவதைப் போல 50 முதல் 100 மடங்கு தூரம் மணற்கரை உள்ளே வரும் என்பதே அது. ஒரு சென்ரிமீற்றர் ஏறினால் அரை மீற்றர் முதல் ஒரு மீற்றர் வரை கரை போகும். எல்லாக் கரைக்கும் இது சரியாகப் பொருந்தாது, ஆற்று முகத்துவாரம், பவளப்பாறை, பாறைமுனை இருக்கிற இடங்களில் கணக்கு மாறிப்போகும் என்று ஆய்வாளர்கள் பலர் குறை சொல்லியிருக்கிறார்கள், அதையும் சேர்த்தே வாசியுங்கள். ஆனாலும் உயரத்தில் சின்னதாகத் தெரிவது தூரத்தில் எப்படிப் பெரிதாகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

இலங்கையில் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம்தான் அடிப்படை. 2011 இல் திருத்தி, கரையோர மூலவள முகாமைத்துவத்தையும் பெயரில் சேர்த்தார்கள். அந்தச் சட்டம் கரையோர வலயம் என்று ஒன்றை வரையறுக்கிறது. சராசரி உயர்நீர்க் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், சராசரி தாழ்நீர்க் கோட்டில் இருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர். ஆறும் களப்பும் கடலோடு சேர்கிற இடங்களில் வலயம் இன்னும் உள்ளே போகும். இந்த வலயத்துக்குள் அபிவிருத்தி வேலை செய்ய அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அதற்குள்ளேயே, கடலை ஒட்டி, கட்டடம் வரக்கூடாத ஓர் ஒதுக்கு உண்டு. அது எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை, கரை எவ்வளவு அரிக்கப்படக்கூடியது என்பதைப் பார்த்துக் கரையோர முகாமைத்துவத் திட்டத்தில் பகுதி பகுதியாக நிர்ணயித்திருக்கிறார்கள். முதல் திட்டம் 1990 இல் வந்தது, பிறகு திருத்தித் திருத்தி வந்து, 2018 இலும் ஒரு திட்டம் வர்த்தமானியில் வெளியானது.

சட்டம் மோசமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து நாடுகள் பலவற்றுக்கு முன்பே நாம் இதைச் செய்தோம். பிரச்சினை வேறு இடத்தில்.

ஒதுக்கு என்பது ஒரு தூரம். தூரத்தை அளக்க ஒரு தொடக்கக் கோடு வேண்டும். அந்தக் கோடு கடலின் கோடு, அது நகர்கிறது. கட்டடம் நகராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், இது உதாரணம் மட்டும்தான். இன்று மணற்கரையில் 50 மீற்றர் விட்டு ஒரு கொங்கிறீட் கட்டடம் எழும்புகிறது. அதன் ஆயுள் 60 வருடம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 2085 வரை. அதற்குள் கடல் அரை மீற்றர் ஏறினால், புரூன் கணக்கில் கரை 25 முதல் 50 மீற்றர் உள்ளே வந்திருக்கும். அனுமதி கொடுத்த நாளில் நூற்றுக்கு நூறு சட்டப்படி இருந்த கட்டடம், ஆயுளின் பிற்பகுதியில் கடற்கரையிலேயே நிற்கும். யாரும் சட்டத்தை மீறவில்லை, இலஞ்சம் கொடுக்கவில்லை, எல்லாப் பத்திரமும் சரி. அப்புறம் என்ன நடக்கும் என்பதைக் கரையோரம் வாழ்கிற எவரும் சொல்வார்கள்: உரிமையாளர் கல் கொட்டுவார், கல் கொட்டச் சொல்லி அரசைக் கேட்பார், கடைசியில் பொதுப்பணத்தில் ஒரு கல்லணை வரும்.

கல்லணை வந்தால் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்காக இங்கே கொஞ்சம் நிற்கிறேன், கிழக்கில் நமக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் இதில்தான் இருக்கிறது. கிழக்குக் கரையில் மணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை, அலை அதை ஆண்டு முழுவதும் கரையோரமாக வடக்கும் தெற்கும் நகர்த்திக்கொண்டே இருக்கும், கணக்குத் தீர்த்துப் பார்த்தால் வடக்கு நோக்கிப் போவதே அதிகம். அம்பாறை மாவட்டத்தில் ஒலுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதாங்கிகளை நீட்டினார்கள், 2013 இல் துறைமுகம் திறந்தது. வடக்கே போக வேண்டிய மணல் தெற்குப் பக்கத்திலும் துறைமுக வாயிலிலும் தேங்கியது. வடக்குப் பக்கத்தில், ஒலுவிலும் நிந்தவூரும் கரையை இழந்தன. தென்னைகள் விழுந்தன, தோணி இழுத்து வைக்க இடம் இல்லாமல் போனது. வாயிலில் மணல் மூடியதால் படகுகள் போய்வருவதும் சிரமமாயிற்று. கடல்மட்டம் ஏறியதால் நடந்ததல்ல இது, மணலின் வழியை மறித்ததால் நடந்தது. கடல் ஏற ஏற ஒவ்வொருவரும் தன் வளவுக்கு முன்னால் கல்லைப் போட்டால் ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஒரு குட்டி ஒலுவில் உருவாகும். அதோடு, அணைக்கு முன்னால் இருக்கிற மணல் மெல்ல மெல்லப் போய்விடும். கரைவலை இழுப்பவர்களுக்கு மணல் இல்லாத கரை எதற்கு? வலை இழுக்கிற கரைத்துண்டான பாடு போய்விட்டால் தொழில் போயிற்று. நிலாவெளிக்கு வருகிற வெளிநாட்டுக்காரரும் கல்லைப் பார்க்க வருவதில்லை.

கல்லணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. துறைமுகத்துக்கும் நகரத்தின் நடுவில் வேறு வழியே இல்லாத வீதிக்கும் அது தேவைப்படும். எங்கே கல், எங்கே மணல், எங்கே பின்வாங்கல் என்பதை மாவட்டம் முழுவதையும் சேர்த்துப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும், வளவு வளவாக அல்ல.

பின்கதவால் வருகிற கடல்

நம் ஊரில் பலர் கவனிக்காத ஒன்று: கடல் முன்னால் மட்டும் இல்லை. சாம்பல்தீவுப் பாலத்தைக் கடந்து நிலாவெளிக்குப் போகும்போது ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் வீதியும் ஊரும். இறக்கக்கண்டியிலும் அப்படித்தான். கிண்ணியாவும் மூதூரும் கொட்டியாரக் குடாவை ஒட்டித் தாழ்ந்து கிடக்கிற நிலங்கள், மகாவலி ஆற்றின் வாய்கள் அங்கே கடலில் விழுகின்றன, உப்பாறும் தம்பலகாமக் குடாவும் உள்ளே வளைந்து போகின்றன. கடல்மட்டம் ஏறினால் இந்த வாய்களின் வழியாக உப்புநீர் மேலே மேலே ஏறும். மழைக்காலத்தில் மகாவலி பெருகி வரும்போது அதை வாங்கிக்கொள்ள வேண்டிய கடல் ஏற்கனவே உயர்ந்து நின்றால் வெள்ளம் வடிய நாளாகும். வயல் அழுகும். வெள்ளம் வற்றியபின் உவர் தங்கும்.

கிணறுகள் இன்னும் முக்கியம். மணல்நிலத்தில் நாம் குடிக்கிற நல்ல தண்ணீர், அடியில் இருக்கிற உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிற ஒரு படலம்தான். நன்னீரின் பாரம் குறைவு, அதனால் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் இருந்தால், கீழே சுமார் 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் தாங்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய பாடம். அப்படியென்றால் மேலே 10 சென்ரிமீற்றர் குறைந்தால் அடியில் 4 மீற்றர் போய்விடும். கடல் ஏறும்போதும், ஹோட்டல்கள் பெரிய மோட்டார் வைத்து இறைக்கும்போதும் குறைவது இந்தச் சின்ன இலக்கம்தான். என் பெரியம்மா வீட்டுக் கிணற்றில் முன்பு தேயிலைக்கு அள்ளுவோம். இப்போது ஆவணியில் அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் கரிக்கிறது, அவர் போத்தல் தண்ணீர் வாங்குகிறார். அது கடல் ஏறியதாலா, இறைப்பாலா, மழை குறைந்ததாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. கரையோர அனுமதியில் கட்டடம் எங்கே நிற்கிறது என்பதோடு எவ்வளவு தண்ணீர் இறைக்கப்போகிறது என்பதையும் கேட்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அந்தக் கிணறுதான் காரணம்.

எங்களிடம் ஏற்கனவே இருக்கிற அணை

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று சின்ன வயதில் இருந்தே சொல்கிறோம். அந்தக் கொடி எங்கே வளர்கிறது என்று எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறார்கள்? மணற்கரையின் மேல்விளிம்பில், ஊதாப் பூவோடு, வெய்யிலையும் உப்பையும் தாங்கிக்கொண்டு படர்ந்து கிடக்கும். அதுவும் இராவணன் மீசைப் புல்லும் தாழையும் சேர்ந்துதான் காற்றில் வருகிற மணலைப் பிடித்துத் திட்டாக்குகின்றன. அந்த மணற்திட்டு ஒரு வங்கிக் கணக்கு. வாடையில் கடல் அதிலிருந்து எடுக்கும், தென்மேற்குக் கச்சான் காற்றுக் காலத்தில் திருப்பி வைக்கும். விருந்தினருக்குக் கடல் தெரியவேண்டும் என்று அதைப் புல்டோசரால் தட்டையாக்கினால் அந்தக் கணக்கை மூடியதாகிவிடும். பிறகு எடுக்க ஒன்றும் இல்லாதபோது கடல் அத்திவாரத்தில் இருந்து எடுக்கும்.

கண்டல் காடுகளும் இப்படித்தான். கொட்டியாரக் குடாவிலும் உப்பாற்றிலும் களப்போரங்களிலும் இருக்கிற கண்டல், வண்டலைப் பிடித்துத் தன் அடிநிலத்தைத் தானே உயர்த்திக்கொள்ளக்கூடியது. ஓரளவு வேகம் வரைக்கும் கடலோடு சேர்ந்து அதுவும் ஏறும். அதற்கு இரண்டு வேண்டும்: ஆறு கொண்டுவரும் வண்டல், பின்னால் நகர இடம். முதலாவதை அணைக்கட்டுகளும் மணல் அகழ்வும் குறைக்கின்றன. மகாவலி மணல் கட்டட வேலைக்கு லொறி லொறியாகப் போகிறது என்பது நம் மாவட்டத்தில் இரகசியமில்லை, அந்த மணலில் ஒரு பங்கு நம் கரைக்கு வந்திருக்க வேண்டியது. இரண்டாவதை நாம் மதிலால் அடைக்கிறோம். முன்னால் உயர்கிற நீர், பின்னால் மதில், நடுவில் நெருக்குப்பட்டுக் கண்டல் சாகும். ஆகவே களப்பின் பின்புறத்தில் இன்று வெறும் தரிசாகக் கிடக்கிற நிலத்தை யாருக்கும் எழுதிக்கொடுக்காமல் வைத்திருப்பதும் கரையோரப் பாதுகாப்புத்தான், படத்தில் அது வீணான நிலமாகத் தெரிந்தாலும்.

200 மீற்றர் என்ற பழைய காயம்

இனி கடினமான பகுதி. கடல் ஏறுவதற்கு முகங்கொடுக்க உலகம் பொதுவாகப் பேசுகிற வழிகள் மூன்று: தடுப்பது, அதோடு பழகிக்கொள்வது, பின்வாங்குவது. தடுப்பதைப் பார்த்துவிட்டோம். பழகிக்கொள்வது என்றால் தூணில் உயர்த்திக் கட்டுவது, கீழ்த்தளத்தை வெள்ளம் வந்து போக விடுவது, மின்பெட்டியை மேலே வைப்பது, உவர் தாங்கும் நெல் போடுவது. பின்வாங்குவது என்றால் போக வேண்டிய இடத்தில் இருந்து முன்கூட்டியே போய்விடுவது.

பின்வாங்கல் என்ற சொல்லை நம் கரையில் உச்சரிக்க முன் 2005 ஐ நினைக்க வேண்டும். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கட்டடம் வரக்கூடாத வலயம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அலை மாகாணம் பார்த்து அடிக்கவில்லை, ஆனால் கோடு மாகாணம் பார்த்து விழுந்தது. நிலத்தின் உயரத்தையும் கரையின் தன்மையையும் பார்க்காமல் நாடாவால் அளந்த கோடு அது. கடலில் தொழில் செய்கிறவர் தோணியையும் வலையையும் விட்டு மைல் கணக்கில் தள்ளிப்போக வேண்டியிருந்தது. கரையில் இருக்கிற மீன்பிடிக் குடிலான வாடியில் இரவில் யார் காவல் இருப்பது, விடியப்புறம் கடல் எப்படி இருக்கிறது என்பதை எங்கே நின்று பார்ப்பது? அதேநேரம் சுற்றுலாக் கட்டடங்களுக்கு விலக்குக் கிடைக்கிறது என்ற மனக்குறை கரை முழுவதும் பரவியது. கொஞ்சக் காலத்தில் அந்த விதி தளர்த்தப்பட்டுப் பழைய ஒதுக்குகளுக்கே திரும்பினார்கள். சட்டம் திரும்பிப் போனது, சந்தேகம் தங்கிவிட்டது. இன்றைக்கும் ஒரு அதிகாரி வந்து "கடல் ஏறப்போகுது, இந்த இடத்தில இருக்க ஏலாது" என்று சொன்னால், எங்கள் கரையில் வலையும் தோணியும் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டி முதலில் கேட்பது "அப்ப இந்த இடத்தில ஆர் வரப்போறான்?" என்பதைத்தான். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் வைத்திராத எந்தக் கொள்கையும் இங்கே வேலை செய்யாது.

ஆகவே என் அபிப்பிராயத்தில் முதல் விதி இப்படி இருக்க வேண்டும்: மக்கள் விட்டுப்போகிற நிலம் பொதுக் கரையாக, திட்டாக, கண்டலாக, தோணி இழுக்கிற இடமாக மட்டுமே இருக்கும், வேறு எவருக்கும் குத்தகைக்குப் போகாது என்று எழுத்தில், வர்த்தமானியில், வரைபடத்தோடு இருக்க வேண்டும். தொழிலுக்குக் கடலண்மை தேவைப்படுகிறவரையும் காட்சிக்குக் கடலண்மை வேண்டுகிறவரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. வாடியைக் கழற்றி நகர்த்தலாம், மூன்று மாடியை நகர்த்த முடியாது. பிஜித் தீவுகளில் வுனிடோகோலோவா என்ற கிராமம் 2014 இல் சுமார் 2 கிலோமீற்றர் உள்ளே குடிபெயர்ந்தது. அங்கே ஊர் மக்களே கேட்டுக்கொண்டார்கள், அவர்களுடைய சொந்த நிலத்துக்குள்ளேயே போனார்கள். நம் நிலைமை வேறு, ஆனாலும் கேட்டுச் செய்வதற்கும் கோடு போட்டுத் துரத்துவதற்கும் உள்ள தூரம் அதில் தெரிகிறது.

நகரத் தெரிந்த சட்டம்

அப்படியானால் சட்டத்தை எப்படி மாற்றுவது? ஒவ்வொரு வருடமும் புதிய கோடு போட முடியாது, காணி வாங்குகிறவருக்கும் வங்கிக்கும் ஏதோ ஒரு நிச்சயம் வேண்டும். இதற்கு உலகில் பரீட்சித்துப் பார்த்த சில வழிகள் இருக்கின்றன.

ஒன்று, தூரத்தை இன்றைய கடலோடு மட்டும் கட்டாமல் கட்டடத்தின் ஆயுளோடு கட்டுவது. பத்து வருடத்தில் கழற்றக்கூடிய மரக் குடிலுக்கு ஒரு ஒதுக்கு, அறுபது வருடம் நிற்கப்போகிற கொங்கிறீட்டுக்கு அதைவிடப் பெரிய ஒதுக்கு, நூறு வருடம் தேவைப்படுகிற ஆஸ்பத்திரிக்கும் மின்நிலையத்துக்கும் இன்னும் உள்ளே, இன்னும் உயரத்தில். அதனுடன் உயரத்தையும் அளக்க வேண்டும். பாறைமுனையில் 30 மீற்றரும் கிண்ணியாவின் தாழ்நிலத்தில் 30 மீற்றரும் ஒன்றல்ல.

இன்னொன்று, அனுமதியோடு நிபந்தனையையும் எழுதுவது. கரை இந்த எல்லைக் கல் வரைக்கும் வந்தால் கட்டடத்தை நீ உன் செலவில் அகற்ற வேண்டும், முன்னால் கல்லணை போடக்கூடாது என்று தொடக்கத்திலேயே, காணி உறுதியிலேயே பதிந்துவிட்டால் வாங்குகிறவர் அந்த விலைக்குத்தான் வாங்குவார். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் 1959 ஆம் ஆண்டுத் திறந்த கடற்கரைச் சட்டம் இதற்கு நெருங்கிய ஒன்று. கரை உள்ளே நகர்ந்தால் கடற்கரையில் பொதுமக்களுக்குள்ள உரிமையும் கூடவே நகரும் என்ற எண்ணத்தில் அது பல காலம் நடந்தது. 2012 இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், புயலில் கரை சட்டென்று நகர்ந்தால் அந்த உரிமை தானாக நகராது என்று தீர்ப்பளித்து அதை ஒடுக்கிவிட்டது. அதில் இருந்து நான் எடுத்துக்கொள்வது, கரை மெல்ல நகர்ந்தாலும் புயலில் சட்டென்று நகர்ந்தாலும் என்ன நடக்கும் என்பதை நாம் தெளிவாக எழுதிவைக்க வேண்டும் என்பதே. வாடையையும் புயலையும் ஒன்றாக அனுபவிக்கிற கரை இது.

மூன்றாவது எனக்கு மிகப் பிடித்தது. லண்டனில் தேம்ஸ் ஆற்று முகத்துக்காக 2012 இல் வெளியான திட்டத்தில், 2100 இல் கடல் எவ்வளவு ஏறியிருக்கும் என்று ஒரு இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய மதில் எழுப்பத் தொடங்கவில்லை. கடல் இவ்வளவு ஏறினால் இதைச் செய்வோம், அதற்கு மேல் ஏறினால் அதைச் செய்வோம், அதற்கான நிலத்தை இப்போதே காலியாக வைத்திருப்போம் என்று படிப்படியாக எழுதி, பத்து வருடத்துக்கு ஒருமுறை அளந்து மறுபரிசீலனை செய்கிறார்கள். எதிர்காலம் நிச்சயமில்லை என்பதை அவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சாக்காக எடுக்கவில்லை. நமக்கும் இது பொருந்தும், பெரிய பணமும் தேவையில்லை. கரை நெடுக அளவுக் கல் நட்டு, வருடத்தில் இரண்டு தரம், வாடைக்குப் பிறகும் கச்சானுக்குப் பிறகும் அளந்து, அந்த இலக்கத்தைப் பிரதேச செயலகத்தின் சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டலாம். அளக்கிற வேலையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மீனவர் சங்கங்களும் செய்வார்கள். கரை எங்கே நின்றது என்பது கரைவலைக்காரர்களுக்குத் தாத்தா காலத்தில் இருந்து தெரியும், அதை இதுவரை யாரும் வரைபடத்தில் ஏற்றவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

மச்சானின் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு நாங்கள் இலக்கம் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. அடம்பன் கொடி முடிகிற இடத்தில் முதலில் ஒரு தடி நட்டோம், அதுதான் அலை வழக்கமாக ஏறாத இடம் என்று கொடியே சொல்கிறது. அங்கிருந்து உள்ளே, திட்டு முழுவதையும் விட்டு, புரூன் கணக்கையும் போட்டு, இன்னொரு தடி. அதற்கும் வீதிக்கும் இடையில் மிஞ்சிய நிலத்தில் நாலு அறை வராது, இரண்டு வரும், தூணில் உயர்த்தினால் கீழே வாகனம் நிறுத்தலாம். அவர் கொஞ்ச நேரம் மணலில் குந்தியிருந்தார், கடன் எடுத்து வாங்கிய காணி. பிறகு எழும்பி, இரண்டு தடிக்கும் நடுவில் நைலோன் கயிற்றைக் கட்டிவிட்டு, "இரண்டு அறை காணும்" என்றார்.

அந்தக் கயிறு இப்போதும் இருக்கிறது. பக்கத்து வளவில் இந்த மாதம் அத்திவாரம் வெட்டியிருக்கிறார்கள், அனுமதிப்பத்திரம் எல்லாம் சரியாகவே இருக்கிறது. எங்கள் இரண்டாவது தடிக்குக் கடல் பக்கமாக, திட்டைத் தட்டையாக்கி.